மைக்கில் பிழையா, வாயில் பிழையா?

நம்ம பக்கம் ஓடுகிற ஜப்பான் வாகனங்கள் பலவற்றில் சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் குரல் பேசும். 'ஈடிசி காதோ கா ஸோன்யூ ஸரேதே இமாஸென்.' பண்டாரவளை டவுனில் வேன் நிறுத்துகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் கேட்கலாம். அது வாகனம் சொல்லும் காலை வணக்கம் என்று நினைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். உண்மையில் அது ஒரு முறைப்பாடு: 'ஈடிசி அட்டை செருகப்படவில்லை.' ஜப்பானின் அதிவேக வீதிகளில் வாசலில் நிற்காமல் கட்டணம் கட்டுவதற்கான அட்டை அது. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் அப்படி வாசலும் கிடையாது, அட்டையும் கிடையாது. ஆனாலும் அந்த அம்மா பத்து வருஷமாக விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

சும்மா சிரிப்புக்காக இதைச் சொல்லவில்லை. (கொஞ்சம் சிரிப்புக்கும்தான்.) நம்ம வாகனங்கள் நமக்குப் புரியாத மொழியில் நம்மோடு பேசுகின்றன, நாமும் பழகிவிட்டோம். இப்போது நிலைமை மறுபக்கம் திரும்பியிருக்கிறது. நாம் பேச, வாகனம் கேட்க வேண்டும் என்கிறார்கள். அது கேட்காதபோது பிழை யார் மேல் விழுகிறது என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. நடுவில் இருந்த ஐந்து வருஷத்தில் புது வாகனம் வாங்க வழியில்லாதவர்கள் பழைய வாகனத்துக்கே அலங்காரம் செய்தார்கள். உள்ளே இருந்த ஜப்பான் பிளேயரைக் கழற்றிவிட்டு ஒன்பது இஞ்சி, பத்து இஞ்சி அன்ட்ரொய்ட் பிளேயர் போட்டார்கள். பெட்டியில் 'வொய்ஸ் கொன்ட்ரோல்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். என் மாமாவும் தன் ஹயர் வேனுக்கு அப்படி ஒன்று போட்டார். போட்ட நாளிலிருந்து அதற்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவர் 'கோல் அம்மா' என்பார், அது பாட்டுப் போடும். திரும்பக் கடைக்குக் கொண்டுபோனதற்குக் கிடைத்த தீர்ப்பு இது: "மைக் ஓகே அண்ணே. நீங்க பேசுறதுதான் அதுக்கு வெளங்கல. இங்கிலீஸ்ல கொஞ்சம் ஸ்டைலா சொல்லிப் பாருங்க."

மாமா வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னது: "பாப்பா, நம்ம வாய் சரியில்லையாம்."

வாகனத்தில் எந்தக் கோளாறு வந்தாலும் பாஸ்மார் முதலில் வாகனத்தைத்தான் சந்தேகப்படுவார்கள். பிரேக் இழுத்தால் 'உங்க கால் சரியில்ல' என்று யாரும் சொல்வதில்லை. குரல் விஷயத்தில் மட்டும் முதல் சந்தேகம் ஆள் மேல் வருகிறது. அதுவும் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் என்றால், அவரே அதை உடனே நம்பியும் விடுகிறார். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பது என் வாதம். ஆளைக் குறை சொல்லும் முன்னால் பார்க்க நிறைய இருக்கிறது. நான் கலைப்பீட மாணவி, வயரிங் படித்தவள் இல்லை. ஆனால் விடுமுறையில் மாமாவின் வேனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்ததில் எனக்கு விளங்கியதை எழுதுகிறேன்.

முதலில் வொய்ஸ் கொமாண்டை மறந்துவிடுங்கள். வேனை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை மூடி, புளூடூத் வழியாக யாருக்காவது ஒரு கோல் எடுங்கள். 'என் குரல் எப்படிக் கேக்குது?' என்று கேளுங்கள். தெளிவாகக் கேட்கிறது என்றால் மைக் வேலை செய்கிறது, சிக்கல் அதற்கு அப்பால் எங்கேயோ. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது என்றால் மைக் பக்கம் பார்க்க வேண்டும். ஒன்றுமே கேட்கவில்லை என்றால் பல நேரம் அது ஒரு செட்டிங் மட்டும்தான். போனின் புளூடூத் பக்கத்தில் அந்த வாகனத்தின் பெயரைத் தட்டினால் கோலுக்கு ஒரு சுவிட்ச், பாட்டுக்கு ஒரு சுவிட்ச் என்று தனித்தனியாக இருக்கும். பாட்டுக்கு மட்டும் போட்டிருந்தால் பாட்டு அருமையாகக் கேட்கும், மைக் பக்கம் ஒன்றும் போகாது. அந்த இணைப்பு ஒருவழிப் பாதை. இரண்டு போன் ஒரே நேரத்தில் இணைந்திருந்தாலும் குழப்பம் வரும். குரல் செயலிக்கு மைக் அனுமதி கொடுக்கவில்லை என்றாலும் அப்படித்தான்.

அடுத்தது, மைக் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இது கேட்கச் சின்ன விஷயம். ஆனால் பாதிப் பிரச்சினை இங்கேதான் முடிகிறது. வாகனத்தோடு வந்த மைக் பெரும்பாலும் மேலே கூரை லைட்டுக்குப் பக்கத்தில், அல்லது ஸ்டியரிங் தண்டின் மேல், அல்லது முன் கண்ணாடியின் ஓரத்தூணில் இருக்கும். பழைய பிளேயரைக் கழற்றிப் புதியது போடும்போது அந்த மைக்கை யாரும் புதியதோடு இணைப்பதில்லை. பிளக்கும் வேறு, அதற்குப் போக வேண்டிய மின்சாரமும் வேறு. புதிய பிளேயரின் மைக் அதன் முகப்பிலேயே, குண்டூசி முனை அளவில் ஒரு ஓட்டையாக இருக்கும். மாமா மூன்று மாதமாகக் கூரையைப் பார்த்துப் பேசியிருக்கிறார். அங்கே கேட்க யாரும் இல்லை.

அந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை இருக்கும். ஒன்றில் ஆங்கிலத்தில் 'மைக்' என்றும் மற்றதில் 'ஆர்எஸ்டி' என்றும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். இரண்டாவது ரீசெட். பிளேயர் இறுகிவிட்டால் ஊசியால் குத்துவதற்கு. எழுத்துத் தெரியாத வெளிச்சத்தில் மைக் ஓட்டையைக் குத்தினால் மைக் போச்சு. 'நேத்து வரைக்கும் வேல செஞ்சிச்சு' என்று யாராவது சொன்னால் முதலில் ஊசி யார் கையில் இருந்தது என்று கேளுங்கள்.

அப்புறம் டேஷ்போர்ட். நம்ம வாகனங்களின் டேஷ்போர்டை நான் குறை சொல்ல மாட்டேன், அது ஒரு சின்னக் கோயில். பிள்ளையார், கதிர்காமக் கந்தன், பிளாஸ்டிக் மாலை, கீழே பஞ்சுத் துணி விரிப்பு, ஒரு வாசனைப் போத்தல். மாலை தொங்குகிற இடத்துக்குப் பின்னால்தான் மைக் ஓட்டை. சாமியை இடம் மாற்றச் சொல்லவில்லை, மாலையின் நுனியை இரண்டு இஞ்சி நகர்த்தினால் போதும்.

இன்னும் நல்ல வழி, வெளி மைக். பிளேயரின் பின்பக்கத்தில் அதற்கு ஒரு துளை இருக்கும். நீண்ட வயரோடு கிளிப் மைக் ஒன்று பெட்டிக்குள்ளேயே வந்திருக்கும். பல கடைகளில் அதைப் பொருத்தாமலே கொடுத்துவிடுகிறார்கள். பொருத்தியபிறகு செட்டிங்கில் 'வெளி மைக்' என்று மாற்ற வேண்டும், சில பிளேயர்கள் தானாக மாறாது. வயரைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டினால் எஞ்சின் ஓடும்போது 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் சேரும், எக்ஸலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் ஏறும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் மறுமுனையில் பேசுபவருக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும். மைக் சத்த அளவை முழுசாகக் கூட்டுவதும் நல்லதில்லை. குரல் நசுங்கிப் போகும்.

சமவெளியில் இருப்பவர்களுக்கு இல்லாத ஒரு பிரச்சினை நமக்கு உண்டு. பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும்போது பனிமூட்டம் விழுந்தால் உள்ளே கண்ணாடி ஆவி பிடிக்கும். அதைத் துடைக்க ஃபேனைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி முழு வேகத்தில் விடுவோம். அந்தக் காற்று வெளியே வருகிற வாய்க்கு மேலேதான் ஓரத்தூண் மைக் இருக்கிறது. இரண்டாம் கியரில் டீசல் எஞ்சினின் உறுமல், கூரையில் மழை, நேராக மைக்கில் காற்று. அப்போது நாம் சத்தமாகப் பேசுவோம். இரைச்சலில் மனிதக் குரல் தானாக உயர்ந்து தன்மை மாறுவதை எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911 இலேயே எழுதியிருக்கிறார். சத்தம் மட்டும் கூடுவதில்லை. உயிரெழுத்து நீள்கிறது, குரலின் சுருதி ஏறுகிறது. அமைதியான அறையில் பதிந்த குரலை வைத்துப் பழகிய இயந்திரத்துக்கு அது வேறு ஆளின் குரல் மாதிரி. ஆகவே கத்துவதால் பயனில்லை. ஃபேனைப் பத்து விநாடி குறைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொல்வது மேல்.

கடைசியாகப் புளூடூத். பழைய முறையில் கோல் போகிற புளூடூத் இணைப்பு விநாடிக்கு 8,000 தடவைதான் குரலை அளக்கும். அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி எல்லாம் வெட்டுப்படும். ஸ, ஷ, ஃப மாதிரி சீறும் ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. புதிய முறை 16,000 தடவை அளக்கும். பிளேயரும் போனும் இரண்டுமே அதற்குத் தயாராக இருந்தால்தான் அது நடக்கும். மனிதக் காது விடுபட்டதை ஊகித்து நிரப்பிக்கொள்ளும். 'கொஸ்லந்தை'யில் 'ஸ்' பாதி விழுந்தாலும் அம்மாவுக்கு விளங்கும். ஏனென்றால் மாமா இந்த நேரத்தில் எங்கே போயிருப்பார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

இவ்வளவையும் செய்தோம். மைக்கைத் தூணுக்கு மாற்றினோம், வயரைப் பிரித்துக் கட்டினோம், மாலையை நகர்த்தினோம். கோல் கண்ணாடி மாதிரி தெளிவு. சிக்னல் உள்ள இடமாகவும் பார்த்து நிறுத்தினோம், ஏனென்றால் குரலை அடையாளம் காணும் வேலை பெரும்பாலும் இணையத்தின் மறுமுனையில்தான் நடக்கிறது. மாமா சொன்னார்: "அப்புத்தளைக்கு வழி காட்டு." ஒன்றும் இல்லை. புளூடூத்தைக் கழற்றிவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்து அதே வாக்கியத்தைச் சொன்னார். அங்கேயும் அதே கதை. அப்போது வாகனத்தை விடுதலை செய்ய வேண்டியதுதான். மைக்கும் நிரபராதி. மிஞ்சியது மாமாவின் வாயும் அதைக் கேட்கிற மென்பொருளும்.

கடைக்காரர் சொன்னது சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. 'இது உங்கள் பேச்சை அறியாது' என்பது ஒரு விஷயம், 'உங்கள் பேச்சு பிழை' என்பது இன்னொன்று. முதலாவது இயந்திரத்தைப் பற்றிய தகவல், இரண்டாவது மாமாவைப் பற்றிய தீர்ப்பு.

குரலை அறிகிற இயந்திரம் இலக்கணம் படிப்பதில்லை. ஆயிரக்கணக்கான மணித்தியாலப் பேச்சைக் கேட்டு, எந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று பழகிக்கொள்கிறது. யாருடைய பேச்சைக் கேட்டதோ அவர்களை நன்றாக அறியும். 2004 இல் ஹொண்டாவும் ஐபிஎம்மும் சேர்ந்து அமெரிக்கச் சந்தைக்கான ஒரு காரில் குரல் வழிகாட்டியை வைத்தபோது, அந்த நாட்டின் சுமார் 17 இலட்சம் வீதி, நகரப் பெயர்களை அது அறியும் என்று அறிவித்தார்கள். பெயர்களைக் கேட்பதற்காகவே அவ்வளவு உழைப்பு. நம்ம பக்கம் பூனாகலை என்று ஒரு ஊர், தம்பேத்தன்ன என்று ஒரு தோட்டம். ஆங்கிலத்தில் 'ஹ'வோடு தொடங்குகிற ஊரை நாம் 'அப்புத்தளை' என்கிறோம், 'ஹ'வை எப்போதோ விட்டுவிட்டோம். இதெல்லாம் பிழை இல்லை. இரண்டு நூற்றாண்டுப் பழக்கம்.

அமெரிக்காவிலேயே இது நடந்திருக்கிறது. 2020 இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பிள், அமேசன், கூகுள், ஐபிஎம், மைக்ரோசொஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் குரல் முறைகளைச் சோதித்தார்கள். வெள்ளையர் பேசிய 100 சொல்லில் சராசரியாக 19 பிழை, கறுப்பினத்தவர் பேசிய 100 சொல்லில் 35 பிழை. இரு தரப்பும் ஆங்கிலம்தான். கறுப்பினத்தவரின் வாயில் பிழை என்று அந்த ஆய்வு முடிவு சொல்லவில்லை, பழக்கிய தரவில் அவர்கள் குரல் போதாது என்றுதான் சொன்னது. பெண் என்ற முறையில் எனக்கு எரிச்சல் தந்தது இன்னொன்று. 2011 இல், கார் குரல் முறைகள் பெண்களைச் சரியாகக் கேட்பதில்லை என்ற பேச்சு வந்தபோது, அந்தத் துறையின் நிறுவனம் ஒன்றில் குரல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பான அதிகாரி, பெண்கள் பொறுமையாக உட்கார்ந்து பயிற்சி எடுத்துக்கொண்டால் பல சிக்கல் தீரும் என்கிற மாதிரி சொன்னார். பண்டாரவளைக் கடைக்காரருக்கும் அவருக்கும் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்.

தமிழுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியாது. 2017 ஓகஸ்டில் கூகுள் தன் குரல் தட்டச்சில் 30 மொழிகளைப் புதிதாகச் சேர்த்தபோது தமிழும் வந்தது, இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நான்கு பெயரில். உங்கள் போனில் 'தமிழ் (இலங்கை)' என்று இருப்பது அதுதான். பலர் அதைத் தெரிவு செய்யாமல் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறார்கள், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். ஆனால் அடைப்புக்குள் இருக்கிற அந்த 'இலங்கை' யார்? யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, கொழும்பா, அக்கரைப்பற்றா, மலையகமா? 'எங்கட' என்பவரும் 'எங்க' என்பவரும் ஒரே அடைப்புக்குள் இருக்கிறோம். 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள் மட்டுமே சுமார் 8 இலட்சத்து 40 ஆயிரம் பேர்.

உள்நாட்டில் பார்த்தால், மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019 இல் வங்கிச் சேவைக்கான பேச்சுக் கட்டளைகளைச் சிங்களத்திலும் தமிழிலும் அடையாளம் காணும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சிங்களப் பதிவு சுமார் 10 மணித்தியாலம். தமிழ்ப் பதிவு அரை மணித்தியாலம். பேசியவர்கள் 20 இலிருந்து 25 வயதுக்குட்பட்ட மாணவர்கள். அந்த ஆய்வாளர்களை நான் குறை சொல்லவில்லை. கிடைத்த கொஞ்சத்தை வைத்து ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் அவர்கள். ஆனால் அந்த அரை மணித்தியாலத்தில் பதுளை மாவட்டத்து ஐம்பது வயது வேன் டிரைவர் இருக்க வழியே இல்லை.

நான் கலைப்பீடத்தில் படிப்பதால் இந்த இடத்தில் ஒரு பழைய புத்தகம் ஞாபகம் வருகிறது. 19 ஆம் நூற்றாண்டில் கொழும்பில் பெர்குசன் என்பவர் 'இங்கே வா' என்ற தலைப்பில் ஒரு சின்னக் கைந்நூலைப் போட்டார். சின்னத்துரைமாருக்கான சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி. இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் வந்திறங்கிய இளைஞர்கள் நம்ம ஆட்களுக்குக் கட்டளை போட வேண்டும், அதற்கு நம்ம தமிழ் வேண்டும், அதுவும் பண்டிதத் தமிழ் உதவாது. தோட்டத்துப் பேச்சுத்தான் வேண்டும். ஆக, இலாபம் இருந்தபோது நம்ம பேச்சைப் பாடமாக்கி அச்சடிக்க ஆள் இருந்தது. 'பிழையான தமிழ்' என்று துரைமார் தள்ளவில்லை. நம்மை நோக்கிக் கட்டளை வருவதற்கு நம்ம தமிழ் சரியாக இருந்தது. நாம் ஒரு பெட்டிக்குக் கட்டளை போட வரும்போதுதான் அது 'வெளங்காத' தமிழாகிறது.

தோட்டத்தில் சம்பளப் பிரச்சினையே தீராமல் கிடக்க, கார் மைக்குக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் சிரிப்பார்கள். நியாயமான சிரிப்புத்தான். ஆனால் லயத்தை விட்டு இறங்கிய நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் ஸ்டியரிங் பிடித்துப் பிழைக்கிறார்கள் என்று எல்ல ஸ்டேஷன் வாசலில் நின்று பாருங்கள். ஹயர் வருவது போனில். வழி கேட்பது போனில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலைநாட்டைப் புரட்டிப் போட்டபோது எந்த வீதி திறந்திருக்கிறது, எங்கே மண் சரிந்திருக்கிறது என்று டிரைவர்மார் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதும் போனில்தான். ஓட்டும்போது போனைக் கையில் எடுப்பது குற்றம், கொண்டை ஊசி வளைவில் அது குற்றத்தைவிட மோசம். கையை எடுக்காமல் பேசுவதற்கு ஒரு வழி இருந்தும் அது சிலருடைய வாய்க்கு மட்டும் திறக்கிறது என்றால், மற்றவர்கள் கையை எடுத்துத்தான் ஆக வேண்டும். மாமா எடுக்கிறார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன்.

மக்கள் சும்மா இருக்கவில்லை, அவரவர் குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். போனில் பெயர்களை மாற்றி வைப்பது ஒன்று. மாமாவின் போனில் சித்தப்பா இப்போது 'பொஸ் வன்'. மாமி 'குயின்'. அம்மாச்சி 'ஓல்ட் கோல்ட்'. வேலை செய்கிறது. இன்றைக்கே உதவி வேண்டியவருக்கு நானும் இதைத்தான் சொல்வேன்: இரண்டு அசையில், ஆங்கிலச் சொல்லாக, ஒன்றோடொன்று சாயல் இல்லாத பெயர் வையுங்கள். ஆனால் உறவுமுறையை எல்லாம் அழித்து ஆங்கிலப் பட்டப்பெயர் வைத்தால்தான் வீட்டுக்கு கோல் எடுக்கலாம் என்பதைத் தீர்வு என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

பின்ன என்ன செய்வது? மொசில்லா நடத்தும் 'கொமன் வொய்ஸ்' திட்டத்தில் தமிழ் இருக்கிறது. யாரும் போய் வாக்கியங்களை வாசித்துப் பதியலாம், மற்றவர்கள் பதிந்ததைச் சரிபார்க்கலாம். இன்றிரவே செய்யலாம். அதில் ஒரு குறை, அங்கே பெரும்பாலும் எழுத்துத் தமிழை வாசிக்கிறோம். மாமா எழுத்துத் தமிழில் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. சென்னை ஐஐடியின் 'ஏஐ4பாரத்' குழு இந்திய மொழிகளுக்கு மாவட்டம் மாவட்டமாகப் போய் இயல்பான பேச்சைப் பதிகிறது. நல்ல வேலை. ஆனால் அவர்களுடைய மாவட்டங்கள் இராமேஸ்வரத்தோடு முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் நியூசிலாந்தில் இருக்கிறது. அதன் வடகோடியில் மாவோரி மக்களின் 'தெ ஹிக்கு மீடியா' என்ற வானொலி நிறுவனம், 2018 இல் தன் மக்களைக் கூப்பிட்டு 10 நாளில் 300 மணித்தியாலத்துக்கு மேல் மாவோரிப் பேச்சைப் பதிந்தது. சுமார் 2,500 பேர் சேர்ந்தார்கள். அதை வைத்துத் தாங்களே குரல் அறியும் முறையைச் செய்தார்கள். வெளிக் கம்பனி அந்தக் குரல்களை விலைக்குக் கேட்டபோது கொடுக்கவில்லை. குரல் மக்களுடையது, பயன்படுத்துவதானால் எங்கள் நிபந்தனைப்படி என்று தனி உரிமம் எழுதினார்கள். நம்ம விஷயத்திலும் இது முக்கியம். உழைப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்குக் கேட்ட வரலாறு நமக்குப் போதுமானது.

நம்மிடம் வானொலி நிறுவனம் இல்லாமல் இருக்கலாம். மொழியியல் படிக்கிற, விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போகிற, போன் வைத்திருக்கிற மாணவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஒவ்வொரு பீடத்திலும் கள ஆய்வு என்று ஒரு பாடம் இருக்கிறது, வருஷா வருஷம் அதே வினாக்கொத்தோடு அதே லயத்துக்குப் போகிறோம். ஒரு வருஷம் பேச்சைப் பதிவோம். பேசியவரின் சம்மதத்தை அவர் மொழியில் வாங்கி, பதிவின் ஒரு பிரதியை அவருக்கும் கொடுத்து, யார் கேட்டால் கொடுப்பது என்பதை அவர்களோடு சேர்ந்து முடிவெடுத்து. கதை, பாட்டு எல்லாம் பிறகு. முதலில் சாதாரண வாக்கியங்கள்: 'பெரகலைல மண்ணு சரிஞ்சிருக்காம், வெலிமட பக்கமா சுத்தி வாங்க.' 'ஸ்டோர் வாசல்ல நிக்கிறேன், மாமாவுக்குக் கோல் போடு.' 'பசற ரோட்ல தொறந்திருக்கிற பெட்ரோல் செட் எங்க?' மணித்தியாலக் கணக்கில் இப்படி.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன். பதிவை அமைதியான விரிவுரை மண்டபத்தில் செய்யக்கூடாது. ஓடுகிற வேனில், ஃபேன் கண்ணாடிப் பக்கம் திரும்பியிருக்க, பனிமூட்டத்தில், இரண்டாம் கியரில் செய்ய வேண்டும். மாமாவிடம் கேட்டேன். குரலை இலவசமாகத் தருவாராம். வேனுக்கு மட்டும் கிலோமீட்டர் கணக்கில் ஹயர் போட வேண்டுமாம்.